பால் பருக்கி வளர்த்த மான்: திருகோணமலையில் ஓர் ஆண் புள்ளிமானின் தாக்குதல் நடத்தை பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரில் கோட்டைக்கு அண்மையிலுள்ள ஓர் ஒழுங்கையில், மூன்றாவது வயதில் இருந்த ஓர் ஆண் புள்ளிமான், தன்னைக் குட்டியிலிருந்து பால் பருக்கி வளர்த்த வீட்டுக்காரரின் தொடையில் கொம்பால் குத்தியது. அதற்கு முந்திய சில வாரங்களுக்குள் அதே மான் ஒரு முச்சக்கரவண்டிச் சாரதியை இடுப்பில் முட்டி விழுத்தியிருந்தது. வீட்டு மருமகனைத் துரத்தி மதிலேற வைத்திருந்தது. முற்றத்தில் கிடந்த பிளாஸ்திக் கதிரை ஒன்றை உடைத்திருந்தது. அயலவர்கள் விசர்நோய் என்றார்கள். வீட்டார் நன்றிகெட்டதனம் என்றார்கள். கோயிலுக்குப் போய்வரும் ஒருவர், யாரோ அதற்கு எதையோ தின்னக் கொடுத்துவிட்டார்கள் என்றார். நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற வகையில் என்னிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டபோது, நடந்தவற்றை ஒழுங்காக எழுதிப் பார்த்தால் இந்த மூன்று விளக்கங்களுமே நிற்கமாட்டா என்பது தெரிந்தது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மான் செய்த ஒவ்வொன்றும் ஆரோக்கியமான ஓர் ஆண் புள்ளிமான் தன் இனத்து இன்னோர் ஆணுக்குச் செய்வதுதான். செயல் சரி, ஆள் மாறிவிட்டது. ஆள் ஏன் மாறியது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

இடமும் மானும்

வெளியூர் வாசகர்களுக்காகச் சிறு விளக்கம் தேவை. திருகோணமலையில் புள்ளிமான் காட்டு விலங்கு என்பது சட்டத்தில் உள்ள உண்மை; தெருவில் அது நகரவாசி. பிரட்றிக் கோட்டையின் மதிலுக்குள்ளும், கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையோர மரநிழலிலும், கடற்கரையை ஒட்டிய மைதானத்திலும் மான் கூட்டங்கள் மேய்கின்றன. வெயில் தணிந்ததும் கடைத்தெருப் பக்கம் இறங்கி, மரக்கறிக் கழிவையும், துரதிர்ஷ்டவசமாக அதைச் சுற்றியிருக்கும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. கோயிலுக்கு வருபவர்கள் வாழைப்பழம் நீட்டுகிறார்கள். பிள்ளைகள் தடவிப் பார்க்கிறார்கள். சிறுத்தை இங்கே இல்லை. வாகனமும் கட்டாக்காலி நாயும்தான் இவற்றின் எதிரிகள்.

விலங்குக் காட்சிச்சாலைகளின் உயிரியலுக்கு அடித்தளமிட்ட சுவிற்சர்லாந்து அறிஞர் ஹைனி ஹெடிகர், ஒவ்வொரு காட்டு விலங்கும் தன் எதிரி எவ்வளவு கிட்ட வந்தால் ஓடத் தொடங்கும் என்பதை ‘ஓடும் தூரம்’ என அளந்து விளக்கினார். வில்பத்து, குமண தேசியப் பூங்காக்களில் ஒரு புள்ளிமானுக்கு அந்தத் தூரம் பல பத்து மீற்றர்கள். கோட்டைவாசலில் அது ஒரு கைநீளத்துக்குச் சுருங்கிவிட்டது. எங்கள் ஊருக்கு இது பெருமையாகத் தெரிகிறது. உல்லாசப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். ஆனால் ஓடும் தூரம் சுருங்கிய மான் சாதுவான மான் ஆகிவிடாது. மனிதனைக் கண்டால் ஓடவேண்டும் என்ற ஒரே தடையை இழந்த மான் அது. எஞ்சிய இயல்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

முன்வரலாறு

ஒரு மார்கழி மழைக்காலத்தில், வீதியில் வாகனம் மோதி இறந்த பெண்மான் ஒன்றை வீட்டார் கண்டிருக்கிறார்கள். மறுநாள் அருகிலிருந்த பற்றைக்குள் ஒரு குட்டி தனியே படுத்திருந்தது. இரண்டையும் தாயும் பிள்ளையுமாக முடிச்சுப் போட்டதற்கு வேறு சான்று எதுவும் இல்லை. புள்ளிமான் பிறந்த முதல் நாள்களில் குட்டியைப் புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போகும் இனம்; குட்டி அசையாமல், ஓசையில்லாமல், தனியாகக் கிடப்பதே அதன் பாதுகாப்பு. தனியே கிடக்கும் குட்டி அநாதைக் குட்டி என்று எண்ணித் தூக்கிவரப்படும் குட்டிகளில் தாய் உயிரோடுள்ளவை எத்தனை என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். வீட்டாருக்கு அது தெரியாது என்றில்லை. ஊரெங்கும் மான் திரியும் இடத்தில், படலை திறந்திருக்கும் வளவுக்கு வந்துபோகும் மானை ‘வளர்ப்பது’ என்று யார் சொல்வார்கள் என்பதே அவர்களுடைய நியாயம்.

ராசா என்று பெயரிட்டார்கள். போத்தலில் பசுப்பால் கொடுத்தார்கள். முதல் மாதங்களை அது குசினிப் பக்கத்துத் திண்ணையில், மனிதர்களுக்கு நடுவில், வேறு மான் எதையும் காணாமல் கழித்தது. பால் மறந்த பிறகுதான் வெளியே போகத் தொடங்கியது. அப்போதும் மைதானத்துக் கூட்டத்தின் ஓரத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு இருட்டுமுன் வளவுக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது வயதில் கிளையில்லாத ஈட்டிக் கொம்பு இரண்டு முளைத்து முற்றியதும், வீட்டுக்காரருக்கும் ராசாவுக்கும் இடையில் ஒரு விளையாட்டு ஏற்பட்டது. மான் தலையைத் தாழ்த்தும். அவர் இரண்டு கொம்பையும் கையால் பிடித்துக்கொள்வார். அது தள்ளும், அவரும் தள்ளுவார். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துப் பின்வாங்குவார். அயல் பிள்ளைகள் கூடிநின்று பார்ப்பார்கள். இந்த விளையாட்டைப் பற்றி நான் துருவிக் கேட்கும் வரை வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதற்கும் நடந்ததற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையமே அதுதான். அதற்குப் பின்னர் வருகிறேன்.

தாக்குதல்கள்

மூன்றாவது வயதின் நடுப்பகுதியில், கிளைவிட்ட இரண்டாவது சோடிக் கொம்பு தோல் உரிந்து முற்றியது. வேப்பமரத்தின் பட்டை இடுப்பளவு உயரத்தில் உரிந்து தொங்கியது; மான் முன்காலால் மண்ணைப் பறித்தது; பின்காலில் எழுந்து நின்று மேல்கிளையில் கொம்பையும் கண்ணின் உள்மூலைக்கு அருகிலுள்ள வாசனைச் சுரப்பியையும் தேய்த்தது; அந்தியில் கரகரத்த குரலில் கத்தியது. ஆண் புள்ளிமான்களில் இனப்பெருக்கப் பருவத்து அடையாளங்களாக இவை எல்லாம் அறியப்பட்டவை. பிளாஸ்திக் கதிரை உடைந்தது இந்த வாரங்களில்தான்.

சாரதியின் நிகழ்வில், அவர் படலைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுச் சில்லைப் பார்ப்பதற்காகக் குனிந்திருக்கிறார். கையில் உணவு இல்லை. மானை அவர் கவனிக்கவே இல்லை. மருமகனின் நிகழ்வு வேறுவிதமானது: மான் முற்றத்தில் நின்று தலையை உயர்த்திப் பக்கவாட்டாகக் காட்டியபோது அவர் விளக்குமாற்றைத் தூக்கி இரண்டடி முன்னே போயிருக்கிறார், மான் அசையாமல் நின்றதும் தயங்கிப் பின்வாங்கியிருக்கிறார், பின்வாங்கிய கணத்தில்தான் அது பாய்ந்தது.

வீட்டுக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். காலையில் வழமைபோலப் பழத்தோல் வைக்கப் போனார். மான் அவரை நோக்கி நேரே வராமல், உடலைப் பக்கவாட்டாகத் திருப்பி, கால்களை விறைப்பாக ஊன்றி, மெதுவாக நடந்து வந்ததாகவும், மயிர் சிலிர்த்து வழமையிலும் கறுத்துப் பெருத்துத் தெரிந்ததாகவும், ‘குளிருக்காக்கும்’ என்று தாம் நினைத்ததாகவும் அவரே பின்னர் கூறினார். கழுத்தில் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார். மான் தலையைத் தாழ்த்திப் பின்புறமிருந்து குத்தியது. ஒரு கிளை தொடைத் தசையில் ஆழமாக இறங்கியது. விழுந்தவரை அது மறுபடி குத்த முனைந்தபோது அவருடைய மனைவி கத்திக்கொண்டே வாளித் தண்ணீரை அதன் முகத்தில் ஊற்றித் துரத்தினார். காயத்துக்குத் தையல் போடப்பட்டது, ஏற்பு ஊசி ஏற்றப்பட்டது, பல வாரங்கள் அவர் ஊன்றுகோலோடு நடந்தார்.

“நான் பால் பருக்கி வளத்த பிள்ளை, என்னையே குத்துமோ, தம்பி?” என்று என்னிடம் கேட்டவர் அவருடைய மனைவி. கேள்வி நியாயமானது. ஆனால் அவரிடம் நான் திருப்பிக் கேட்டது வேறு: அம்மாவை அது எப்போதாவது முட்டியதா? இல்லை. அக்காலத்தில் அவர் முற்றத்தில் நடந்தால் மான் கழுத்தை நீட்டித் தாழ்த்தி அவருக்குப் பின்னால் வரும், சேலைத் தலைப்பை நக்கும், மேலுதட்டைச் சுருட்டி முகரும். பாசம் என்று அவர் நினைத்திருந்தார். பெண்மானைப் பின்தொடரும் ஆண்மானின் நடை அது என்பதைப் பக்குவமாகச் சொல்லவேண்டியிருந்தது.

நீக்கிய விளக்கங்கள்

விசர்நோய் என்ற சந்தேகத்தை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. இலங்கையில் இந்நோய் இன்னும் இருக்கிறது, மானுக்கும் தொற்றக்கூடியது, விசர்நாய் கடித்த மான் அச்சமிழந்து மனிதரை நோக்கி வரவும் கூடும். ஆனால் நோய்க்குறி வெளிப்பட்ட விலங்கு நாள்கணக்கில் தளர்ந்து, உமிழ்நீர் வடித்து, கால் வழங்காமல் இறந்துபோகும். ராசாவின் நடத்தை வாரக்கணக்கில் ஒரே சீராக நீடித்தது. அது நன்றாக மேய்ந்தது, படுத்து அசைபோட்டது, நாயைக் கண்டு முறைப்படி விலகியது. காயம்பட்டவருக்குத் தடுப்பூசி வேண்டுமா என்பது வைத்தியர் தீர்மானிக்கவேண்டிய விடயம். என் கருத்துக்கு அதில் இடமில்லை என்பதை வீட்டாரிடம் முதலிலேயே கூறியிருந்தேன்.

வயிற்றுக்குள் சேர்ந்த பொலித்தீனால் ஏற்படும் வேதனை எரிச்சலைத் தூண்டியிருக்கலாம் என ஒரு கால்நடை வைத்தியர் கேட்டது பொருத்தமான கேள்வியே. எனினும் உடல் தேறியிருந்தது, புழுக்கை இயல்பாக இருந்தது. உணவுக்கான சண்டை என்ற விளக்கம் சாரதியின் நிகழ்வோடு பொருந்தவில்லை. எல்லை காத்தல் என்பதும் பொருந்தாது. ஆண் புள்ளிமான் நிலத்தை வேலியிட்டுக் காப்பதில்லை, பெண்களைத் தேடி அலையும்.

உளவியலாளர் கென்னத் மோயர் 1968 இல் விலங்குகளின் ஆக்கிரமிப்பு நடத்தையை ஒரே உணர்ச்சியின் பல வடிவங்களாகக் கொள்ளாமல், இரைபிடித்தல், அச்சம், எரிச்சல், தாய்மை, ஆணுக்கு ஆண் போட்டி எனத் தனித்தனித் தூண்டலும் தனித்தனி உடலியலும் கொண்ட வகைகளாகப் பிரித்தார். அந்தப் பகுப்பில் இன்று திருத்தப்படவேண்டியவை உண்டு. ஆயினும் இப்படியான நிகழ்வொன்றைப் பிரித்துப் பார்க்க அதைவிடக் கைக்கு உதவும் கருவி வேறில்லை. இங்கே தாக்கப்பட்ட அனைவரும் ஆண்கள். காலம் முற்றிய கொம்பின் காலம். முன்னோட்டமாக வந்த சைகைகள் போட்டிச் சைகைகள். மூன்றும் ஒரே வகையைத்தான் சுட்டுகின்றன.

கொம்பும் ஓமோனும்

மான்கொம்பு மாட்டுக் கொம்பு போன்றதல்ல. அது எலும்பு, ஆண்டுக்கு ஒருமுறை விழுந்து முளைக்கும் எலும்பு. வளரும் காலத்தில் இரத்தக் குழாயும் நரம்பும் நிறைந்த மென்மயிர்த் தோல் அதைப் போர்த்தியிருக்கும், தொட்டால் வலிக்கும், அக்காலத்தில் எந்த ஆணும் கொம்பால் சண்டையிடாது, பின்காலில் எழுந்து முன்காலால் அடித்துக்கொள்ளும். விதைகளிலிருந்து சுரக்கும் தெஸ்தெஸ்தரோன் என்ற ஆண் ஓமோன் உயர உயர எலும்பு இறுகி, தோலுக்கு இரத்தம் நின்று, அது காய்ந்து உரிகிறது. வெளியே வருவது உணர்ச்சியற்ற, முற்றிய ஆயுதம். பிறகு ஓமோன் தாழும்போது கொம்படியில் எலும்பைக் கரைக்கும் கலங்கள் வேலைசெய்து கொம்பு கழன்று விழுகிறது. ஆயுதமும் அதைப் பயன்படுத்தும் மனநிலையும் ஒரே இரசாயனத்தின் இரு கைகளில் இருப்பதால், கொம்பைப் பார்த்தே மானின் இரத்தத்தை ஓரளவு வாசித்துவிடலாம்.

விதைக்கும் சண்டைக்கும் உள்ள தொடர்பு புதிய செய்தியல்ல. 1849 இல் ஜேர்மனிய உடலியலாளர் ஆர்னோல்ட் பேர்தோல்ட் கோழிக் குஞ்சுகளின் விதைகளை எடுத்துவிட்டு, அவற்றுள் சிலவற்றின் வயிற்றறைக்குள் விதையை மீண்டும் பதித்தார். பதிக்கப்பட்டவை கொண்டை சிவந்து கூவிச் சண்டையிடும் சேவல்களாயின, மற்றவை ஆகவில்லை. நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும் விதை வேலைசெய்ததால், இரத்தத்தின் வழியே ஏதோ போகிறது என்பது புலனானது. எங்கள் மாவட்டத்தில் இதை விளங்கப்படுத்துவது கடினமல்ல. கந்தளாய்ப் பக்கத்து விவசாயி எவருக்கும் கன்னத்தில் நீர் வடியும் கொம்பன் யானையின் மதம் எப்படிப்பட்டது என்று தெரியும். அந்த யானையைக் கெட்ட யானை என்று அவர் சொல்வதில்லை, ஒதுங்கிப் போவார். மானுக்கும் அதுபோன்ற ஒரு காலம் உண்டு என்பதை ஏற்கத்தான் மனம் மறுக்கிறது. புள்ளி போட்ட அழகிய உடல் நம்மை ஏமாற்றுகிறது.

ஒரு வேறுபாடு இங்கே முக்கியமானது. ஸ்கொத்லாந்தின் ரம் தீவில் உள்ள செம்மான்களுக்குக் கோடையில் பகல் பதினேழு மணித்தியாலத்துக்கு மேல், மாரியில் ஏழுக்கும் குறைவு. அந்தப் பெரிய மாற்றமே அவற்றின் விதைகளுக்கு நாள்காட்டி. எல்லா ஆண்களும் ஒரே காலத்தில் முற்றி, ஒரே காலத்தில் சண்டையிட்டு, ஒரே காலத்தில் ஓய்கின்றன. திருகோணமலையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகியதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வேறுபாடு. அயனமண்டல இனமான புள்ளிமானில் ஒவ்வொரு ஆணுக்கும் ஏறத்தாழத் தனக்கென ஒரு சுற்று ஓடுகிறது. எந்த மாதத்திலும் கோட்டைக்குள் முற்றிய கொம்போடு ஓர் ஆணையும், தோல் போர்த்த கொம்போடு இன்னொன்றையும் காணலாம். ஆகவே ‘இந்த மாதத்தில் மானிடம் கவனமாக இருங்கள்’ என்று ஊருக்கு ஒரு பொது அறிவித்தல் போடுவதில் பயனில்லை. ஒவ்வொரு மானாகக் கொம்பைப் பார்க்கவேண்டும்.

ஆனால் ஓமோன் மட்டும் இந்நிகழ்வை விளக்காது. அதே காலத்தில் மைதானத்தில் முற்றிய கொம்போடு திரிந்த வேறு ஆண்களும் இருந்தன; தெஸ்தெஸ்தரோன் அவற்றுக்கும் இருந்தது; அவற்றில் எதுவும் ஓர் ஆளைத் துரத்தவில்லை. சண்டைக்கான வாசற்படியை ஓமோன் தாழ்த்திவிடுகிறது. அந்த வாசலுக்கு வெளியே எதிரியாக யார் நிற்கிறார் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

மூளையில் இதற்கான இடமும் ஓரளவு அறியப்பட்டுள்ளது. 2011 இல் டேவிட் அன்டர்சனின் ஆய்வுகூடத்தில் டாயு லின்னும் சக ஆய்வாளரும் எலியின் மூளையடியில் பரிவகக்கீழ் எனப்படும் பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புக்கல முடிச்சை ஒளியால் தூண்டியபோது, ஆண் எலி பெண் எலியையும், காற்றடைத்த கையுறையையும்கூடத் தாக்கியது. தூண்டல் நின்றதும் தாக்குதலும் நின்றது. தாக்கும் இயந்திரம் போதிய அளவு ஏற்றப்பட்டிருந்தால் இலக்கு பொருத்தமாக இருக்கவேண்டியதில்லை என்பதை அந்தக் கையுறை காட்டுகிறது. எங்கள் ஒழுங்கையில் உடைந்த கதிரையும் அந்த வரிசையில் சேரக்கூடியது.

எதிரி யார்

குட்டிப் பருவத்தில் யாரோடு வளர்கிறதோ அவர்களையே தன் இனமாகப் பதித்துக்கொள்ளும் இயல்பு பறவைகளுக்கு மட்டும் உரியதல்ல. கீத் கென்ட்றிக்கும் குழுவினரும் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த வெள்ளாட்டுக் குட்டிகளைச் செம்மறித் தாயிடமும், செம்மறிக் குட்டிகளை வெள்ளாட்டுத் தாயிடமும் மாற்றி வளர்த்தார்கள். வளர்ந்த பின்னர் தம் சொந்த இனத்தோடு மட்டும் சேர்த்து விடப்பட்டபோது, பெண்கள் ஓரிரு ஆண்டில் மனம் மாறின. ஆண்கள் மூன்று ஆண்டு கழிந்தும் வளர்ப்புத் தாயின் இனத்துப் பெண்களையே நாடின. ஆணின் பதிவு பெண்ணினதைவிடப் பிடிவாதமானது. வீட்டில் வளர்த்த பெண்மான் மைதானத்துக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்து வீட்டை மறந்துவிட்டது என்று ஊரில் கேட்கும் கதைக்கும், ராசாவின் கதைக்கும் உள்ள இடைவெளியை இந்த வேறுபாடு பெருமளவு விளக்கும் என்று எண்ணுகிறேன்.

கால்நடை வளர்ப்பிலும் இதற்குச் சான்று உண்டு. 1990 இல் எட்வேட் பிரைஸ், வோலக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தனித்தனியே கையால் பாலூட்டி வளர்த்த காளைகள், கூட்டமாக வளர்ந்த காளைகளைவிட மிகக் கூடுதலாக மனிதரை மிரட்டவும் தாக்கவும் செய்தன. தனிமையில் வளர்ந்த கன்றுக்கு மோதிப் பார்க்கவும் தோற்கவும் சக கன்று இல்லை. இருந்தது பால் போத்தல் பிடித்த ஒரு மனிதன் மட்டுமே. ஹெடிகரும் காட்சிச்சாலைகளில் இதையே கண்டு எழுதினார்: பழகிய ஆண்மான் காவலாளியைத் தன் இனத்து ஆணாகவே கொள்ளும், கொம்பு முற்றியதும் அவனோடு போட்டிக்கு வரும்.

இனி அந்த விளையாட்டு. இளம் ஆண்மான்கள் கொம்பைக் கோத்துத் தள்ளிப் பழகுவது சண்டையல்ல. யார் பாரமானவர், யார் எப்போது விட்டுக்கொடுப்பார் என்பதை இருவரும் காயமின்றி அறியும் முறை. வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் இறுதியில் பின்வாங்கினார். அவருக்கு அது செல்லம். மானின் கணக்கில் அது தொடர் வெற்றி. வென்ற விலங்கு அடுத்த மோதலில் முந்தி இறங்கும், தோற்றது ஒதுங்கும் என்பது மீனிலிருந்து பாலூட்டி வரை பல இனங்களில் காட்டப்பட்ட விடயம். அந்த ஈட்டிக் கொம்பு நின்ற காலம் முழுக்க, தன்னைவிட உயரமான, நன்கு பழகிய ஓர் ‘ஆணை’ இந்த மான் தோற்கடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஆண்டு உண்மையான கொம்பு வந்தபோது, தன் நிலையை முதலில் உறுதிசெய்யவேண்டிய ஆள் யார் என்பதில் அதற்குச் சந்தேகம் இருந்திருக்க நியாயமில்லை. நன்றிகெட்டதனம் என்ற சொல் இங்கே எதையும் விளக்குவதில்லை. வேறெவரையும்விட அதற்கு நெருக்கமாகத் தெரிந்த போட்டியாளர் அவர்தான்.

பதில் சொல்லத் தெரியாத எதிரி

ஆண்மான்கள் ஒன்றையொன்று கண்டவுடன் குத்திக்கொள்வதில்லை. 1973 இல் ஜோன் மேனார்ட் சிமித்தும் ஜோர்ஜ் பிரைஸும் கணித மாதிரியால் காட்டியதன்படி, எப்போதும் முழுமூச்சாகப் போரிடும் விலங்கு தன் கூட்டத்தில் நீடித்து நிலைக்காது, காயத்தின் விலை மிக அதிகம். ரம் தீவில் ரிம் குளற்றன்-புறொக்கும் குழுவினரும் கண்டது இதற்குச் சதையும் எலும்பும் கொடுத்தது: செம்மான் ஆண்கள் முதலில் மாறிமாறி முழங்கும், முழக்கத்தில் தீராவிட்டால் பக்கம் பக்கமாக நடந்து ஒன்றையொன்று அளக்கும், அதிலும் தீராவிட்டால் மட்டுமே கொம்பைக் கோக்கும். பெரும்பாலான சந்திப்புகள் முதல் இரண்டு படியிலேயே முடிந்துவிடுகின்றன. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் ஏதோவொரு காயத்தோடு பருவத்தை முடிக்கின்றன.

புள்ளிமானுக்கும் படிகள் உண்டு. பக்கவாட்டாக உடலைக் காட்டுதல், விறைத்த நடை, சிலிர்த்த மயிர், விரிந்த கண்சுரப்பி, உயர்த்திய தலை, பிறகு தாழ்த்திய தலை. ஒவ்வொரு படியிலும் எதிரிக்கு ஒரு வாய்ப்பு: தலையைத் திருப்பி, மெல்ல விலகி, புல் மேய்வதுபோல் காட்டினால் விடயம் முடிந்தது. வீட்டுக்காரருக்கு இந்தப் படிகள் எல்லாம் காட்டப்பட்டன. அவர் கழுத்தில் தட்டினார். சவாலுக்குத் தொடுகையால் பதில் கொடுத்து, உடனே முதுகைக் காட்டினார். மருமகன் விளக்குமாற்றைத் தூக்கி முன்னேறியது ஏற்றுக்கொண்ட சவால். தயங்கிப் பின்வாங்கியது வலுக்குறைவின் அறிவிப்பு. சாரதி குனிந்தது தாழ்த்திய தலை. மூவரும் தம்மை அறியாமலே மானின் மொழியில் பேசினார்கள். பேசிய பொருள்தான் தவறு. வீட்டம்மாவின் தண்ணீர் பலித்தது அவர் அந்த மொழிக்கு வெளியே நின்றதால் என்பதே என் ஊகம்: முகத்தில் திடீரென விழும் தண்ணீருக்குப் போட்டி விதிகளில் இடமில்லை, அதற்கு மான் ஓட மட்டுமே செய்யும்.

எடுத்த நடவடிக்கையும் எஞ்சிய கேள்வியும்

வனசீவராசிகள் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கு வரும் என்ற பயத்தில் வீட்டார் சில நாள் இழுத்தார்கள். வந்தவர்கள் நடைமுறை தெரிந்தவர்களாக இருந்தது நல்வாய்ப்பு. உடனே மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காட்டில் விடுமாறு அயலவர் கேட்டதை அவர்கள் ஏற்கவில்லை. மான்கள் துரத்திப் பிடிக்கப்படும்போது தசை சிதைந்து ஓரிரு நாளில் இறந்துபோகும் ஆபத்து பெரிது. அதோடு, மனிதனை எதிரியாகக் கொள்ளும் ஆணைக் காட்டோரக் கிராமத்தில் விடுவது, எங்கள் சிக்கலைத் தம்பலகாமத்திலோ மூதூரிலோ இறக்கி வைப்பது மட்டுமே.

முதற்கட்டமாகப் படலை பூட்டப்பட்டது, தீன் நிறுத்தப்பட்டது, ஆண்கள் முற்றத்துக்குப் போகும்போது அகலமான தகரத் துண்டொன்றை முன்னே பிடித்துப் பக்கவாட்டாக நகர்ந்து செல்லும்படி கூறப்பட்டது. மாரி மழை தொடங்கிய பின் இரண்டு கொம்பும் விழுந்தன. சில நாளில் மான் சாதுவாகிவிட்டது. வீட்டுக்காரர் ‘மாறிவிட்டான்’ என்று மகிழ்ந்து மீண்டும் பழம் நீட்டத் தொடங்கினார். அதை நிறுத்துவதுதான் இந்த முழு நிகழ்விலும் மிகக் கடினமான காரியமாக இருந்தது.

மறு ஆண்டு கொம்பு முற்றியபோது நிலைமை ஓரளவு மாறியிருந்தது. தீன் இல்லாத வளவில் நிற்பதைவிட மைதானத்தில் கூடுதலாக நின்றது. தன்னைவிடப் பெரிய ஓர் ஆணோடு கொம்பு கோத்துத் தோற்றதை நானும் பார்த்தேன். அந்தத் தோல்வி எந்த மருந்தையும்விட நல்லது என்று நினைத்தேன். ஆனால் அந்தியில் ஒழுங்கைக்கு வந்து ஆண்களைப் பக்கவாட்டாகப் பார்ப்பதை அது விடவில்லை. எனவே அதிகாலைக் குளிரில் மிருக வைத்தியர் ஒருவர் மயக்கமருந்து கொடுத்து, உணர்ச்சியற்ற முற்றிய கொம்பைக் கொம்படிக்கு மேலே அறுத்தார். 1970களின் தொடக்கத்தில் ரம் தீவில் ஜெரால்ட் லிங்கன் இப்படிக் கொம்பு அறுத்த செம்மான்கள் தம் கூட்டத்தில் தரமிழந்ததைப் பதிவுசெய்திருக்கிறார். ராசாவும் கூட்டத்தின் ஓரத்துக்குப் போயிற்று. ஆளைக் கண்டால் இப்போதும் தலையைத் தாழ்த்தி முட்டுகிறது. விளைவு குத்துக்காயம் அல்ல, கன்றிய தொடை.

கொம்பறுத்தல் ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை. ஒவ்வொரு மயக்கமும் ஒவ்வோர் ஆபத்து. விதையடித்தால் என்ன என்று வீட்டார் கேட்கிறார்கள். செய்யலாம், முற்றிய கொம்பு சில வாரங்களில் விழுந்துவிடும், அதன் பின் முளைப்பது ஒருபோதும் தோல் உரியாமல், முற்றாமல், உயிருள்ள எலும்பாகவே நிற்கும். நகரத்தில் அந்த மென்கொம்பு மதிலிலும் வேலியிலும் அடிபட்டுக் காயப்பட்டு ஈ மொய்க்கும் என்பது ஒரு கவலை. வென்று பழகிய பழக்கம் ஓமோன் போனதோடு முழுவதும் போய்விடும் என்று உறுதியளிக்க முடியாது என்பது இன்னொன்று. என் சாய்வு விதையடிப்பதன் பக்கம்தான், மயக்கம் ஒருமுறையோடு முடியும் என்பதால். வைத்தியர் இன்னும் ஓராண்டு கொம்பறுத்துப் பார்க்கலாம் என்கிறார். தற்போதைய கொம்பு தோல் போர்த்து வளர்ந்துகொண்டிருக்கிறது. அது உரியத் தொடங்கிய பின்னரே அடுத்த மயக்கமருந்துக்கான நாள் குறிக்கப்படும்.